தம்பி வீட்டு சிக்னல்

என் மருமகள் ஜெபிஷா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, சார்ஜர் வயர் கையிலிருந்து நழுவித் தொங்க, என் வீட்டு கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினாள். பக்கத்து கேட்டைத் திறந்து என் தம்பி அருள்தாஸ் வீட்டுக்குள் போனாள். தெருவே வாசலில் நிற்கிற காலை நேரம். எதிர்வீட்டில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த துலுக்கானம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“இன்னா சார், மருமகப் பொண்ணு பொட்டியத் தூக்கினு அந்தாண்ட போவுது? ஊட்ல எதனா பேஜாரா?”

“ஆபீஸ் வேலை.”

“ஆபீஸு தம்பி ஊட்லயா கீது?”

செய்தித்தாளை மடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அருள்தாஸின் மனைவி ரோஸி, “வாம்மா வாம்மா, டிபன் சாப்ட்டியா?” என்று வரவேற்பது கேட்டது. என் மருமகள் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஆனால் “சாப்பிட்டேன் சித்தி” என்று அவள் சொன்னது மட்டும் என் காதில் விழவில்லை.

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் அப்பா தேவசகாயம் கட்டிய வீடு அது. அவருக்குப் பிறகு நடுக்கூடத்தின் குறுக்கே ஒற்றைச் செங்கல் கனத்தில் மெல்லிய சுவர் ஒன்றை எழுப்பி, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டோம். பிறகு அவரவர் பங்கில் மாடி கட்டினோம். என் வாசலில் ‘தேவசகாயம் இல்லம்’ என்று கல் பதித்தேன். அடுத்த மாதமே அருள்தாஸும் அதே பேரில், என்னுடையதைவிடப் பெரிய கல் பதித்தான். மூத்தவன் நான். அப்பாவின் பேர் யாருக்குச் சேரும் என்று கேட்டால் சபையில் யாரும் சொல்வார்கள். அவனிடம் கேட்டதற்கு, “எனக்கும் அப்பாதானே அண்ணா” என்றான். அதற்கு மேல் எப்படிப் பேசுவது?

பேச்சுவார்த்தை நின்றுபோகவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் போகும், கேக் வரும். கோயிலில் பார்த்தால் தலையசைப்போம். ஆனால் எதிலும் மக்கள் அவன் பக்கம்தான் போவார்கள். என் மகன் ஜாபஸ் சிறுவயதில் பாதி நாள் அவன் வீட்டில்தான் கிடந்தான். இப்போது மருமகள். அவளுக்கு நான் ‘மாமா’. முறைப்படி அருள்தாஸ் அவளுக்குச் ‘சின்ன மாமா’. ஆனால் ஜாபஸ் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் ‘சித்தப்பா’ என்று கூப்பிடுகிறாள். அந்த வார்த்தையில் ‘அப்பா’ இருக்கிறது. என்னிடம் ‘சரி மாமா’, ‘ஆமா மாமா’ தவிர வேறு பேச்சில்லை. அங்கே போனால் சுவர் அதிரச் சிரிக்கிறாள். இதைப் பொறாமை என்று என் மனைவி எஸ்தர் சொல்கிறாள். பொறாமையாகவே இருக்கட்டும். என் வீட்டுக்கு விளக்கேற்ற வந்த பெண் அடுத்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சம்பாதிப்பது எனக்குக் கௌரவம் இல்லை. அவள் என் வீட்டில் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அதற்குத் தடையாக இருந்தது வைஃபை.

ஜெபிஷா மார்த்தாண்டத்துப் பெண். அம்பத்தூரிலேயே ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீடு. அவர்களுக்கு மாடி அறையைக் கொடுத்திருந்தோம். வைஃபை பெட்டி கீழே ஹாலில், அப்பா படத்துக்குக் கீழே, கண்ணாடி ஷோகேஸில் இருந்தது. லைன் கொடுக்க வந்த ஆள் என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டபோது, ‘தேவசகாயம் இல்லம்’ என்று நான்தான் வைக்கச் சொன்னேன். தெருவில் மற்றவர்கள் நாய்க்குட்டி பேரெல்லாம் வைத்திருந்தார்கள்.

ஹாலில் மடிக்கணினிக்கு நெட் கிடைத்தது. மாடிக்குப் போனதும் அறுந்தது.

“பேரு காட்டுது மாமா. கோடும் நிறைய காட்டுது. பாஸ்வேர்டு போட்டா தப்புன்னு சொல்லுது” என்றாள்.

“சரியாகப் போட்டாயா?”

“எத்தனை தடவை மாமா போடுவேன்?”

நானே மாடி ஏறி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். தவறு என்றது. என் வீட்டில், என் அப்பா பேரில் ஓடும் லைன் என்னையே பார்த்துத் தவறு என்கிறது.

“ஒருமுறை ‘ஃபர்கெட்’ கொடுத்துப் பாக்கலாம் மாமா” என்றாள். அப்பாவின் பேருக்குப் பக்கத்திலேயே மறந்துவிடு என்று ஒரு பொத்தான். அவள் யோசிக்காமல் அழுத்தினாள். பேர் மறைந்து, உடனே மறுபடி வந்தது. மறுபடி பாஸ்வேர்டு. மறுபடி தவறு.

ஜாபஸிடம் போனில் சொன்னால், “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா” என்றான். ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டில் இருப்பவனுக்கு அதைவிடச் சொல்லத் தெரியவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தேன். கீழே வந்தது, மேலே வரவில்லை.

“அப்படியானால் ஹாலிலேயே உட்காரேனம்மா” என்றேன்.

ஒருநாள் உட்கார்ந்தாள். அவளுடைய வெளிநாட்டு மேலதிகாரி திரையில் பேசிக்கொண்டிருக்கும்போது சபைப் பொருளாளர் ஐயா உள்ளே நுழைந்து, இரு கையையும் தூக்கி, “ஸ்தோத்திரம்!” என்றார். திரையில் இருந்த ஏழெட்டு முகங்களும் திடுக்கிட்டன. அதே சமயம் எஸ்தரின் குக்கரும் விசில் அடித்தது. மறுநாளே ஜெபிஷா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். “ரோஸி சித்தி வரச் சொன்னாங்க மாமா, அங்க சத்தம் இல்ல” என்றாள். அருள்தாஸ் வீட்டில் சத்தம் இல்லையாம்!

அன்றே கேபிள் ஆள் செங்கல்வராயனை வரவழைத்தேன். பெட்டியின் பின்னால் ஊசியால் குத்தினார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். பச்சை விளக்கைக் காட்டினார்.

“லைன் சொம்மா பறக்குது சார். இதுக்கு மேல இன்னா வோணும்?”

“மாடியில் வரவில்லை.”

மாடிக்கு வந்து தன் போனில் ஒரு குத்துப்பாட்டை ஓடவிட்டார். “பாரு சார், ஓடுதா?” அந்தப் போன் தன் சிம்கார்டில் ஓடியது என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. “உங்க லைன்ல ஒரு கோளாறும் கெடையாது. அந்தப் பொண்ணு லேப்டாப்புலதான் இன்னாமோ கீது” என்று சொல்லிவிட்டு இறங்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வயரை மட்டும் மாற்றினார்.

இரண்டு நாள் ஜெபிஷா அங்கே போனாள். நான் ஹாலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் வருகைப்பதிவு பார்த்தே காலத்தைக் கழித்தவன் நான். எந்த ஆள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துப் பழகிய கண். என் வீட்டு ஆள் அடுத்த வீட்டில் வேலை பார்ப்பதை அந்தக் கண்ணால் தாங்க முடியவில்லை.

“அப்படியே முறைச்சிக்கினு இருங்க, செவுரு இடிஞ்சி வழி வுட்டுடும்” என்றாள் எஸ்தர்.

மூன்றாம் நாள் காலையில் ஜெபிஷா வெளியே போகவில்லை. மாடியிலிருந்து அவள் ஆங்கிலத்தில் பேசும் குரல் கேட்டது. ஏறிப் போய்ப் பார்த்தேன். திரையில் முகங்கள் அசைந்தன. சைகையால் ‘வருகிறதா’ என்று கேட்டேன். தலையாட்டினாள்.

செங்கல்வராயன் மாற்றிய வயர்தான் வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. வாசலுக்குப் போய் நின்று, துலுக்கானம் கேட்காமலேயே, “மருமகள் மாடியில்தான் வேலை செய்கிறாள்” என்றேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அருள்தாஸை நானே கூப்பிட்டுப் பேசினேன்.

“எங்கள் லைனைச் சரிசெய்துவிட்டோம். இனி ஜெபிஷா உங்களுக்குத் தொந்தரவு கொடுக்க மாட்டாள்.”

“தொந்தரவு இன்னா அண்ணா, நம்ம புள்ள.”

“வேகம் அபாரமாக இருக்கிறது. உன் லைன் எப்படி?”

அவன் ரோஸியைப் பார்த்தான். ரோஸி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டப் போய்விட்டாள். “ஏதோ ஓடுதுண்ணா. உன்து நல்லா வந்தா சந்தோசம்” என்றான் அருள்தாஸ். ஜெபிஷா குனிந்து வேதாகமத்தின் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவன் முகத்தில் தெரிந்தது தோல்வி என்றுதான் அப்போது நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை பலத்த காற்று. தெருமுனை வீட்டுத் தென்னை மட்டை ஒன்று கம்பத்தில் விழுந்து என் கேபிளை இழுத்துக்கொண்டு போனது. ஷோகேஸில் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. அன்று ஜெபிஷாவுக்கு முக்கியமான மீட்டிங் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். பதறிப்போய், நடுவில் நிற்காமல் மாடி ஏறினேன்.

“அம்மா, லைன் அறுந்துவிட்டது…”

அவள் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் முகங்கள் அசைந்தன. ஒருவன் சிரித்தான், அந்தச் சிரிப்பு தங்குதடையில்லாமல் வந்தது. நான் மறுபடி கீழே போய்ப் பார்த்தேன். விளக்கு சிவப்புதான். பெட்டியின் மின்வயரையே பிடுங்கினேன். எல்லா விளக்கும் அணைந்தன. வயரும் கையுமாக மறுபடி மேலே வந்தேன். மீட்டிங் நடந்துகொண்டிருந்தது.

வாசற்படியிலேயே நின்றேன். ஜெபிஷா என் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஏதோ சொல்லி மீட்டிங்கை முடித்தாள்.

“யார் லைன் இது?” என்றேன்.

“சித்தப்பா வீட்டு லைன் மாமா.”

உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அவள் சொன்னதன் சாரம் இது. அருள்தாஸும் தன் வைஃபைக்கு ‘தேவசகாயம் இல்லம்’ என்றே பேர் வைத்திருக்கிறான். எழுத்துக்கு எழுத்து என்னுடையதே. பேர் ஒன்றாக இருப்பதால் மடிக்கணினி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். கீழே ஹாலில் என் பெட்டி அருகில் இருப்பதால் அதைப் பிடிக்கும். மாடியில் நடுவே இருப்பது ஒற்றைக்கல் சுவர். அதற்கு அப்பால் அருள்தாஸின் மாடி ஹாலில் அவன் பெட்டி. மேலே வந்தால் மடிக்கணினி அதைத்தான் பிடிக்கும், அதனிடம் என் பாஸ்வேர்டைக் கொடுத்தால் தவறு என்றுதான் சொல்லும்.

“அங்க போன அன்னிக்கே தெரிஞ்சிட்டு மாமா. அவங்க பாஸ்வேர்டு போட்டதும் கிடைச்சிட்டு. இங்க வந்தாலும் மாடியில அதுவே கிடைச்சுது. உங்ககிட்ட சொன்னா சண்டை வரும்னு சித்தப்பாதான்…”

“அவன்தான்?”

“‘அண்ணனுக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படும், நீ பாட்டுக்கு யூஸ் பண்ணு’ன்னாங்க.”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கோயில் வாசலில் நான் வேகம் அபாரம் என்று சொன்னபோது, அவன் லைனைப் பற்றி அவனிடமே பெருமை பேசியிருக்கிறேன். எனக்காக அவன் இரக்கப்பட்டிருக்கிறான். என் மருமகள் என் கூரைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு, என் தம்பி கொடுத்ததில் வேலை செய்திருக்கிறாள். அவர்கள் மூவரும் சேர்ந்து ஓர் இரகசியம் வைத்திருக்கிறார்கள். என்னிடம் ‘சரி மாமா’ மட்டும்.

“இதற்கு என்ன வழி?” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

“யாராவது ஒருத்தர் பேரை மாத்தணும் மாமா. இல்லன்னா ரெண்டு வீட்டிலயும் ஒரே பாஸ்வேர்டு வைக்கணும். பேரும் ஒண்ணு, பாஸ்வேர்டும் ஒண்ணுன்னா லேப்டாப்புக்கு ரெண்டும் ஒரே வீடுதான். எது நல்லா கிடைக்கோ அதைப் பிடிச்சுக்கும்.”

“பேரை அவன்தான் மாற்ற வேண்டும்.”

சட்டையை மாற்றிக்கொண்டு நேராக அவன் கேட்டைத் திறந்தேன். ஜெபிஷா பின்னாலேயே ஓடிவந்தாள். வாசலில் அந்தப் பெரிய கல்லைப் பார்க்காமல் படியேறினேன். மாடி ஹாலில் பொதுச்சுவரில் பெரிய டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் படிக்கட்டுக்கு அருகே அவன் பெட்டி பச்சை பச்சையாக மினுங்கியது.

“அண்ணா! வா, வா! ரோஸி, யார் வந்துக்கீறாங்க பாரு!” என்று எழுந்தான் அருள்தாஸ்.

“நான் விருந்துக்கு வரவில்லை. வைஃபைக்கு எதற்கு அப்பா பேரை வைத்தாய்?”

ஜெபிஷாவைப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது.

“எனக்கும் வேற பேர் தோணலண்ணா.”

“மூத்தவன் நான் இருக்கும்போது…”

“சரிண்ணா, மாத்திடறேன்.”

தெரு நீளத்துக்குச் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் அரை நிமிடம்கூட எதிர்த்துப் பேசவில்லை.

“இதுக்குப் போயி அண்ணன் கீழ இருந்து மேல ஏறி வரணுமா? ஜெபி, போன எடும்மா, இப்பவே மாத்திடலாம். இன்னா பேர் வைக்கலாம்?”

“ரோஸி மெஸ்ஸுன்னு வை. தெருவே கை கழுவிக்கினு வந்து நிக்கட்டும்” என்றாள் ரோஸி.

“நீ வெக்கிற ரசத்துக்கா? வந்தவன் லைனையும் அறுத்துக்கினு போயிடுவான்.”

ஜெபிஷா சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்பாவின் பேர் இப்போது எனக்கு மட்டும்தான். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நாளைக்கு ஜாபஸிடம் இவள் என்ன சொல்வாள்? சித்தப்பா விட்டுக்கொடுத்தார் என்று சொல்வாள். சபையில் ரோஸி என்ன சொல்வாள்? அண்ணன் சண்டைக்கு வந்தார், இவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார் என்பாள். கேட்டு வாங்கியவன் நான், கொடுத்தவன் அவன். அந்த நல்ல பேரும் அவனுக்கே போகப்போகிறது.

“நிறுத்து” என்றேன்.

மூவரும் திரும்பினார்கள்.

“அப்பா பேரை அழித்துவிட்டு மெஸ் பேரை வைக்க நான் வாழும்வரை விடமாட்டேன். பேர் அப்படியே இருக்கட்டும். பாஸ்வேர்டை மாற்று. என் பாஸ்வேர்டைப் போடு.”

“உன்துண்ணா? அப்ப டிவி, போனு எல்லாத்துலயும் திரும்ப அடிக்கணுமே.”

“அடி.”

“சரி, சொல்லு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் வார்த்தையை விட்டாகிவிட்டது. நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னேன்: “மூத்தமகன். இங்கிலீஷ் எழுத்தில். நடுவில் இடம் விடாமல்.”

ரோஸி சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அருள்தாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஜெபிஷா காட்டிய இடத்தில் ஒவ்வோர் எழுத்தாக அடித்தான்.

“முடிஞ்சிச்சிண்ணா. இனிமே எங்கூட்டுக்கும் நீதான் மூத்த மகன்.”

“எப்போதும் நான்தான்” என்றேன்.

காப்பி குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். ரோஸியின் காப்பி நன்றாகத்தான் இருந்தது. அதை நான் அங்கே சொல்லவில்லை.

மறுநாள் கேபிளைச் சரிசெய்ய செங்கல்வராயன் வந்தார். மாடியில் ஜெபிஷா வேலை செய்துகொண்டிருந்தாள். எந்த லைனில் இருக்கிறாய் என்று கேட்டேன்.

“தெரியல மாமா. அதுவே எடுத்துக்கும். மாடியில அவங்களுதான் பலம்.”

அது எனக்குப் போதவில்லை. செங்கல்வராயனிடம் பெட்டியை ஷோகேஸிலிருந்து எடுத்து மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

“எங்க சார் மாட்றது?”

“அந்தச் சுவரில்.”

“அது பக்கத்து ஊட்டு செவுரு சார். பாதி சிக்னல் அந்தாண்ட போயிடும்.”

“போகட்டும். கண் உயரத்தில் மாட்டு.”

பொதுச்சுவரில் ஆணி அடித்து மாட்டினார். மீண்டும் பச்சை விளக்கு எரிந்தது. ஜெபிஷா தன் போனில் எதையோ திறந்து பார்த்தாள். பெட்டியில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று அதில் தெரியுமாம். பார்த்துக்கொண்டே இருந்தவள் புருவத்தை உயர்த்தினாள்.

“மாமா, நம்ம லேப்டாப்பு இப்ப நம்ம லைன்ல இருக்கு.”

“ம்.”

“சித்தப்பா வீட்டு டிவியும் நம்ம லைனுக்கு வந்துட்டு. சித்தி போனும்.”

சுவருக்கு அப்பால் டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தெளிவாக, தடையில்லாமல் ஓடியது.

“அவங்ககிட்ட சொல்லவா?” என்றாள்.

“வேண்டாம். தெரிந்தால் மனசு கஷ்டப்படுவான். அவன் பாட்டுக்குப் பார்க்கட்டும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆணி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்ல மாட்டேன் மாமா” என்றாள். நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வராமல் கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

நான் கதவை மெல்லச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினேன்.